சொந்தக் கட்சி மீது ஒரு வழக்கு

நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவின் இரண்டாவது பொதுத்தேர்தல் 1999 ஜூன் மாதம் நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில், டர்பன் நகரின் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினார் 70 வயது ஃபாத்திமா மீர். சமூகவியல் பேராசிரியர், நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், நிறவெறி அரசால் சிறைவைக்கப்பட்டவர். இந்திய வம்சாவளியினர் வெள்ளையர் கட்சிகளின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது, மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கே வாக்களிக்க வேண்டும் என்று கேட்பதற்காக அவரும் அவருடைய குழுவினரும் வந்திருந்தார்கள்.

சாட்ஸ்வொர்த் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். கோவெந்தர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்பவை அந்த வீதிகளில் அன்றாடம் காதில் விழும் பெயர்கள். 1960களில் நிறவெறி அரசு இந்தியர்களை நகரின் பிற பகுதிகளிலிருந்து பெயர்த்தெடுத்து இங்கே குடிவைத்தது.

வாக்குக் கேட்கப் போன இடத்தில் மீர் கண்டது வேறு. துணி ஆலைகள் மூடப்பட்டதால் வேலையிழந்த பெண்கள். கட்டணம் கட்டவில்லை என்று தண்ணீர் துண்டிக்கப்பட்ட வீடுகள். வாடகை பாக்கிக்காகக் குடும்பத்தைக் காலிசெய்யச் சொல்லும் மாநகராட்சி நோட்டீஸ். தேர்தல் முடிந்தது, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், அங்கே எல்லோரும் சொல்வதுபோல ஏ.என்.சி., 66 சதவீத வாக்குகளுடன் வென்றது. ஆனால் மீர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. அடுத்த ஆண்டு, குடும்பங்களை வெளியேற்றக் காவல்துறை வந்தபோது அடுக்குமாடி வீடுகளின் மக்கள் வழிமறித்து நின்றார்கள். மீரும் அவருடைய தோழர்களும் அந்த மக்களின் பக்கம் நின்றார்கள்.

எந்தக் கட்சிக்காக வாக்குச் சேகரித்தாரோ, அந்தக் கட்சியின் ஆட்சிக்கு எதிராக. அதே கட்சியின் மீது தனக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுக்காமலும்.

விடுதலையைப் பெற்றுத் தந்த ஒரு கட்சி தேர்தலுக்குத் தேர்தல் அசைக்க முடியாத பெரும்பான்மையுடன் வரும்போது, அதைத் தட்டிக்கேட்பது யார்? எதிர்க்கட்சிகளால் முடியாது, அவற்றுக்கு எண்ணிக்கையும் இல்லை, தென்னாப்பிரிக்காவில் தார்மீகத் தகுதியும் குறைவாக இருந்தது. அந்த வேலை குடிமைச் சமூகத்தின் தோளில்தான் விழுகிறது: தொழிற்சங்கங்கள், தெருக் குழுக்கள், நோயாளிகளின் அமைப்புகள், வழக்கறிஞர் மையங்கள். இவை கட்சியோடு எவ்வளவு நெருங்கலாம், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் 30 ஆண்டுகள் காட்டித் தருகின்றன. கட்சிக்குள் கரைந்த அமைப்புகள் மக்களைக் கைவிட நேர்ந்தது. தனி வீடும் தனிக் கணக்கும் வைத்துக்கொண்டு, அவசியப்பட்டபோது அரசோடும் அவசியப்பட்டபோது அரசுக்கு எதிராகவும் நின்றவைதான் ஜனநாயகத்தை ஆழப்படுத்தின.

கரைந்துபோன கதையை முதலில் பார்க்க வேண்டும். 1983 ஆகஸ்ட் 20 அன்று கேப் டவுனின் மிட்செல்ஸ் ப்ளெய்ன் பகுதியில் ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கப்பட்டது. தேவாலயங்கள், மாணவர் அமைப்புகள், பெண்கள் சங்கங்கள், வாடகைக்காரர் சங்கங்கள், நேட்டால் இந்திய காங்கிரஸ் என நூற்றுக்கணக்கான அமைப்புகள் அதில் இணைந்தன. ஏ.என்.சி. தடைசெய்யப்பட்டு, தலைவர்கள் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்த காலம் அது. நாட்டுக்குள் போராட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள்தான். தெருவுக்கொரு குழு, பேட்டைக்கொரு சங்கம் என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் அந்தப் பத்தாண்டில் ஊன்றப்பட்டது. வாக்குரிமையே இல்லாத மக்கள் ஜனநாயகத்தைப் பயின்ற பள்ளிக்கூடம் அது.

1990 பிப்ரவரியில் ஏ.என்.சி. மீதான தடை நீங்கியது. 1991 ஆகஸ்டில் ஐக்கிய ஜனநாயக முன்னணி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. தாய்க்கட்சி வந்துவிட்டது, இனி நமக்கு என்ன வேலை என்ற எண்ணம் அப்போது இயல்பாகவே பட்டிருக்கும். வெளிப்படையாக இயங்க முடியாதவர்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தவர்கள், அவர்கள் வந்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய பெருந்தன்மையைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் அது பெரும் தவறு. கட்சியின் கிளை என்பது தேர்தலுக்கு ஆள் திரட்டும் அமைப்பு. தெருக் குழு என்பது தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டைபோடும் அமைப்பு. ஒன்று இருந்துவிட்டால் மற்றொன்று தேவையில்லை என்று நினைத்ததன் விலையைச் சாட்ஸ்வொர்த் மக்கள் எட்டே ஆண்டுகளில் கொடுத்தார்கள்.

ஆட்களும் போனார்கள். 1985 டிசம்பரில் டர்பனில் பிறந்த கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பொதுச்செயலாளர் ஜே நாயுடு, டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர். 1994 தேர்தலில் ஏ.என்.சி.யின் பட்டியலில் கொசாட்டு தன் தலைவர்கள் 20 பேரை நிறுத்தியது. ஜே நாயுடு மண்டேலாவின் அமைச்சரவையில் மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார். தொழிற்சங்கங்கள் முன்னின்று வடித்த திட்டம் அது. இரண்டே ஆண்டுகளில், 1996இல், அந்த அலுவலகம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், செலவைச் சுருக்கும் புதிய பொருளாதாரக் கொள்கையைத் தொழிற்சங்கங்களைக் கலந்துகொள்ளாமலே அரசு அறிவித்தது. உள்ளே போன தலைவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. வெளியே இருந்த சங்கமோ தன் அனுபவசாலிகளை இழந்து நின்றது.

பணமும் இடம் மாறியது. நிறவெறிக் காலத்தில் தன்னார்வ அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதி, 1994க்குப் பிறகு நேராக அரசின் கஜானாவுக்குப் போனது. சட்ட உதவி மையங்களும் எழுத்தறிவு அமைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. எஞ்சியவற்றில் பல, அரசின் பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் நிறுவனங்களாக மாறின.

1997 டிசம்பரில் மாஃபிகெங் நகரில் நடந்த ஏ.என்.சி. மாநாட்டில், கட்சித் தலைவராகத் தன் கடைசிப் பெரிய உரையை மண்டேலா வாசித்தார். பல மணி நேரம் நீண்ட அந்த உரையில் தன்னார்வ அமைப்புகளில் ஒரு பகுதியைக் கடுமையாகச் சாடினார். அவற்றுக்கு மக்கள் அடித்தளம் இல்லை, வெளிநாட்டுப் பணத்தில் இயங்குகின்றன, மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கண்காணிக்கும் உரிமை தங்களுக்கு உண்டென்று எண்ணுகின்றன என்பது அந்த விமர்சனத்தின் சாரம்.

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 'எங்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்; உங்களை யார் தேர்ந்தெடுத்தது?' என்று உலகெங்கும் ஆளும் கட்சிகள் கேட்கின்றன. உறுப்பினரே இல்லாமல், நன்கொடையாளரின் அறிக்கைக்காக மட்டும் இயங்கும் அமைப்புகள் இருக்கவே செய்கின்றன. அதற்கான பதிலை வாதமாகச் சொன்னவர்கள் பலர். செயலாகச் சொன்னவர்கள், அந்த மாநாடு முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, கேப் டவுனின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கூடிய ஒரு சிறு கூட்டத்தினர்.

1998 டிசம்பர் 10, மனித உரிமை நாள். 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் காம்பெய்ன்' என்ற சிகிச்சை உரிமை இயக்கம் அன்று தொடங்கியது. டி.ஏ.சி. என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அதை முன்னின்று தொடங்கிய ஸாக்கி அக்மத், பள்ளிப் பருவத்திலேயே நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறை சென்றவர், ஏ.என்.சி. உறுப்பினர், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அப்போதே இருந்தன. ஆனால் ஓர் ஏழைத் தென்னாப்பிரிக்கரால் நினைத்துப் பார்க்கவே முடியாத விலையில் இருந்தன. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் கிடைக்கும் நாள் வரும்வரை தானும் அந்த மருந்தை உட்கொள்வதில்லை என்று அக்மத் உறுதியெடுத்தார்.

டி.ஏ.சி.யின் முதல் எதிரி அரசு அல்ல, மருந்து நிறுவனங்கள். விலை குறைந்த மருந்துகளுக்கு வழிதிறக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 39 நிறுவனங்கள் தென்னாப்பிரிக்க அரசு மீது வழக்குத் தொடுத்திருந்தன. அந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக டி.ஏ.சி. இணைந்து, அரசின் பக்கம் நின்றது. ஊர்வலங்கள் நடந்தன, உலகின் பார்வை திரும்பியது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது; நிறுவனங்கள் சொல்லிவந்த விலை நியாயம் அதோடு ஆட்டம் கண்டது. ஏப்ரல் 19 அன்று 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. அரசும் டி.ஏ.சி.யும் சேர்ந்து வென்ற வெற்றி அது.

நான்கு மாதம் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், டி.ஏ.சி. அரசின் மீதே வழக்குத் தொடுத்தது.

காரணம் நெவிரபின் என்ற மருந்து. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில துளிகள்; தொற்று பரவுவதைப் பெருமளவு தடுக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகவே தருவதாகத் தயாரிப்பு நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் அதிபர் தாபோ உம்பெக்கி, எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணம் என்பதையே சந்தேகித்துக்கொண்டிருந்தார். அவருடைய சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-மிசிமாங், பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். மாகாணத்துக்கு இரண்டு வீதம் 18 சோதனை மையங்களில் மட்டும் நெவிரபின் தரலாம் என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகள் ஆண்டுக்கு 70,000 பேர் என்று நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு சொன்னது. மருத்துவமனையில் மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசம், தாய் கேட்கிறாள். கொடுக்கக் கூடாது என்கிறது அரசு. ஒரு விடுதலைக் கட்சி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை அதன் தொண்டர்களாலேயே நம்ப முடியவில்லை.

2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: கட்டுப்பாடு செல்லாது, மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆர்தர் சாஸ்கல்சன். ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தவர் அவர். டி.ஏ.சி.க்காக வழக்கு நடத்திய சட்ட வள மையம், 1979இல் அதே சாஸ்கல்சன் ஏழைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு. நிறவெறிக் காலத்தில் குடிமைச் சமூகம் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் புதிய ஆட்சியிலும் கலையாமல் இருந்ததால்தான் அந்த வழக்கு சாத்தியமானது.

வழக்கை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். டி.ஏ.சி.யின் உண்மையான பலம் கயலிட்ஷா போன்ற வறிய பேட்டைகளில் இருந்தது. அங்கே கிளைகள் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேலையில்லாத கறுப்பினப் பெண்கள். கிருமி உடலுக்குள் என்ன செய்கிறது, எந்த மருந்து எந்தக் கட்டத்தில் வேலைசெய்கிறது என்பதை அவர்கள் கற்று, அண்டைவீட்டாருக்குக் கற்பித்தார்கள். 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டிஷர்ட்டைத் தொற்று இருப்பவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து அணிந்தார்கள். ஊர்வலங்களில் அவர்கள் பாடியவை விடுதலைப் போராட்டப் பாடல்களின் மெட்டுகள். தடைசெய்யப்பட்ட மலிவு மருந்தைத் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்தபோது, அந்த இயக்கத்துக்கு 'மீறல் இயக்கம்' என்று பெயரிட்டார்கள், 1952இல் ஏ.என்.சி. நடத்திய சட்டமறுப்புப் போராட்டத்தின் பெயர் அது. கட்சியின் பாரம்பரியம் தலைமைக்கு மட்டும் சொந்தமல்ல, எங்களுக்கும் சொந்தம் என்று அவர்கள் உரிமை கோரினார்கள். ஏ.என்.சி.யின் கூட்டணியில் இருந்த கொசாட்டுவும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு நின்றது. 'உங்களை யார் தேர்ந்தெடுத்தது?' என்ற கேள்விக்கு அந்தக் கிளைக் கூட்டங்களே பதிலாக இருந்தன.

மாஃபிகெங்கில் தன்னார்வ அமைப்புகளைச் சாடிய அதே மண்டேலா, 2002 ஜூலையில் நோயுற்றிருந்த அக்மத்தை அவர் வீடு தேடிப்போய்ப் பார்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கயலிட்ஷா மருத்துவமனைக்குச் சென்று, 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' டிஷர்ட்டை வாங்கி அணிந்துகொண்டார். 84 வயதில், தன் கட்சியின் அரசுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே செய்தார்.

2003 ஆகஸ்டில் அமைச்சரவை பணிந்தது. எல்லோருக்கும் சிகிச்சை தரும் திட்டத்தைத் தயாரிக்கச் சொன்னது. நண்பர்களின் வற்புறுத்தலுக்குப் பின் அக்மத்தும் மருந்தை எடுத்துக்கொண்டார். இந்தத் தாமதத்தால் 2000க்கும் 2005க்கும் இடையில் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்தைப் பெறுகிறார்கள். உலகின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் அதுதான். உம்பெக்கியின் கட்சி 2004இல் 69.7 சதவீத வாக்குகளுடன் வென்றது. வாக்குப்பெட்டி மாற்றாததை ஊர்வலமும் நீதிமன்றமும் மாற்றின.

எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டர்பனின் கென்னடி சாலைக் குடிசைவாசிகள் 2005இல் ஆரம்பித்த இயக்கம் 'அபஃலாலி பாசெம்ஜொண்டோலோ'. குடிசைகளில் வாழ்வோர் என்று பொருள். வாக்குறுதி தந்த நிலத்தில் வேறு கட்டடம் எழுந்தபோது சாலையை மறித்தார்கள். நிலமும் வீடும் இல்லையென்றால் வாக்கும் இல்லை என்றார்கள். குடிசைகளை அகற்ற மாகாண அரசு கொண்டுவந்த சட்டத்தின் முக்கியப் பிரிவை எதிர்த்து, 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஆயுதம் தாங்கிய கும்பல் கென்னடி சாலைக் குடியிருப்பைத் தாக்கி, அவர்களுடைய தலைவர்களை விரட்டியிருந்தது. அதன் பிறகும் அந்த இயக்கத்தினர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆளும் கட்சியின் உள்ளூர்ப் புள்ளிகளுக்கு நிலமும் ஒப்பந்தமும் வருமானமாக இருக்கும் இடத்தில், நீதிமன்றத் தீர்ப்பு குடிசைக் கதவைக் காப்பதில்லை.

தொழிற்சங்கத்தின் கதை மரிக்கானாவில் முறிந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று, லான்மின் பிளாட்டினம் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் 34 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை 1982இல் உருவாக்கி அதன் முதல் பொதுச்செயலாளராக இருந்த சிரில் ராமபோசா, அன்று அந்தச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தார். போராட்டக்காரர்கள் மீது நடவடிக்கை கோரி மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார். படுகொலைக்கு அவர் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை என விசாரணை ஆணையம் கூறியது. என்றாலும், ஆளும் கூட்டணியில் இருந்த பழைய சங்கத்தை விட்டுத் தொழிலாளர்கள் ஏற்கெனவே வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். மேசையின் மறுபக்கம் போய் அமர்ந்தவர்களை அவர்கள் இனி நம்பத் தயாராக இல்லை. 2014இல் உலோகத் தொழிலாளர் சங்கத்தையும், அடுத்த ஆண்டு தன் பொதுச்செயலாளர் ஸ்வெலின்சிமா வாவியையும் கொசாட்டு வெளியேற்றியது.

ஜேக்கப் சூமாவின் ஆட்சியில் அரசையே ஒரு வணிகக் குடும்பம் கைப்பற்றியதாகக் குற்றச்சாட்டு எழுந்தபோது, எதிர்த்து நின்ற வரிசை நீளமானது. புலனாய்வு இதழாளர்கள், ஊழல் எதிர்ப்பு அமைப்புகள், மக்கள் பாதுகாவலர் துலி மடோன்செலா, கட்சியின் மூத்த தலைமுறை. அந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்று 'பிளாக் சாஷ்'. 1955இல் வெள்ளையினப் பெண்கள் தொடங்கிய நிறவெறி எதிர்ப்பு அமைப்பு அது. நாட்டின் 1.7 கோடி சமூக உதவித்தொகைகள் செல்லாத ஒப்பந்தத்தின் பேரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் சிக்கியிருந்தபோது, 2017 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய், முதியோரின் பணம் நிற்காமலும் நிறுவனம் அதில் கைவைக்காமலும் பார்த்துக்கொண்டது. 60 வயதைத் தாண்டிய ஓர் அமைப்பு, ஆட்சி மாறியதும் கலைந்துவிடாமல் காத்திருந்ததன் பயன் இது. 2018 பிப்ரவரி 14 அன்று சூமா பதவி விலகினார்.

2024 மே தேர்தலில் ஏ.என்.சி.யின் வாக்கு 40.18 சதவீதமாகச் சரிந்தது. 30 ஆண்டுகளில் முதன்முறையாகப் பெரும்பான்மை இல்லை. கட்சி அந்த முடிவை ஏற்றுக்கொண்டு மற்றக் கட்சிகளோடு ஆட்சியமைத்தது. பல விடுதலைக் கட்சிகள் தோல்வியை ஏற்க மறுத்த கண்டத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. நீதிமன்றத்தில் தோற்று, தெருவில் தோற்று, தோல்விக்குப் பின்னும் அரசு நடத்தப் பழகிய கட்சி அது. குடிமைச் சமூகம் கால் நூற்றாண்டாக அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவந்தது.

இப்போதைய கவலை பணம். தென்னாப்பிரிக்கா தன் மருந்துகளைப் பெரும்பாலும் தன் வரிப்பணத்திலேயே வாங்குகிறது. ஆனால் எச்.ஐ.வி. திட்டச் செலவில் சுமார் 17 சதவீதம் அமெரிக்க உதவியாக இருந்தது. 2025 தொடக்கத்தில் டிரம்ப் நிர்வாகம் அந்த உதவியை வெட்டியது. டி.ஏ.சி.யும் வேறு நோயாளர் அமைப்புகளும் சேர்ந்து 2019இல் உருவாக்கிய 'ரிட்ஷிட்ஸே' என்ற கண்காணிப்புத் திட்டமும் அமெரிக்க நிதியில்தான் எழுந்தது. மாஃபிகெங்கில் மண்டேலா எழுப்பிய கேள்வியின் ஒரு பாதிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை: மக்கள் அடித்தளம் இருக்கிறது, அதைத் தாங்கும் உள்நாட்டுப் பணம் இல்லை. அரசு தரும் பணம் வாயைக் கட்டும், வெளிநாட்டுப் பணம் ஒரே கையெழுத்தில் நிற்கும். உறுப்பினர் சந்தா, சங்கங்களின் பங்களிப்பு, அமைச்சர்களின் கை எட்டாத ஒரு பொது நிதியம் என்று தென்னாப்பிரிக்கர்கள் தாங்களே இதற்கு வழிகண்டாக வேண்டும்.

ரிட்ஷிட்ஸே செய்துவந்த வேலை மிக எளியது. 400க்கும் மேற்பட்ட அரசு மருத்துவமனைகளில், நோயாளிகளிடமே போய்க் கேட்பது. எத்தனை மணிக்கு வரிசையில் நின்றீர்கள், எத்தனை மணிக்கு மருந்து கிடைத்தது, செவிலியர் மரியாதையாகப் பேசினாரா, எந்த மருந்து இருப்பில் இல்லை. கிடைத்த பதில்களைத் தொகுத்து மாகாணச் சுகாதார அதிகாரிகளைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னால் வாசிப்பார்கள். நோயாளிகளிடம் கேள்வி கேட்பவர்களில் பலர் அதே மருந்தை உட்கொண்டு வாழ்பவர்கள். தங்கள் முறை வரும்போது அவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள்.